ஊபோ மிதித்த காற்று

ஊபோ ஹேரனை எங்கள் கோயில் ஆர்கனுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது பக்தி இல்லை; அவனுடைய எடை. வழக்கமாகத் துருத்தி மிதிக்கிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். ஈஸ்டர் ஆராதனைக்குச் சனங்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. போதகர் அங்கேயும் இங்கேயும் பார்த்தார். கடைசி வரிசையில் இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பால்பண்ணைக்காரன் கண்ணில் பட்டான். "நீ வா" என்றார். அவ்வளவுதான் தேர்வு. அன்றிலிருந்து துருத்தி அவன் பொறுப்பாகிவிட்டது.

எங்கள் ஆர்கன் முந்நூறு வயதைத் தாண்டிய கிழம். அதற்கு மூச்சு கொடுக்க, பின்னறையில் கட்டில் அகலத்துக்கு இரண்டு தோல் துருத்திகள் உண்டு. மிதிகட்டையில் ஏறி நின்றால் துருத்தி விரியும். இறங்கினால் தன் பாரத்தில் மெல்ல அமுங்கிக் குழாய்களுக்குக் காற்று அனுப்பும். ஒன்று அமுங்கி முடிவதற்குள் அடுத்ததில் ஏறிவிட வேண்டும். மரச்செருப்பு சத்தம் போடும் என்று ஊபோ அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பளிக் காலுறையோடு மிதிப்பான். வாசிக்கிறவர் முன்பக்கம் ஒரு குமிழை இழுத்தால் பின்னறையில் சின்ன மணி அடிக்கும். ஒரு தடவை அடித்தால் ஆரம்பி, இரண்டு தடவை அடித்தால் போதும்.

வாசித்தவள் ஹில்கே. பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர். ஒல்லி உடம்பு, வாய் மட்டும் நீளம். ஊபோ மிதிக்க வந்த அந்த வருஷமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மணி மூன்று தடவை அடித்தது. ஊபோ குழம்பிப்போய்க் காலுறையோடு முன்னால் வந்தான்.

"மூணு அடிச்சா என்ன அர்த்தம்?"

"டீ குடிக்கப் போலாமான்னு அர்த்தம்."

பாடகர் குழு மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. எங்கள் பக்கத்தில் டீயைக் கற்கண்டின் மேல்தான் ஊற்றுவோம். ஊபோ கொஞ்சம் யோசித்தான். "கற்கண்டு இருக்கா உங்க வீட்ல?" என்று கேட்டான். எங்கள் ஊரில் இதைவிடச் சுருக்காக ஒரு கல்யாணம் நிச்சயமானதை நான் பார்த்ததில்லை.

எனக்குக் கோயில்பிள்ளை வேலை. திறப்பது, பெருக்குவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, மற்றவர்கள் பேச்சைக் கேட்பது. அதனால் எனக்குத் தெரியும்: ஊபோவுக்குப் பாட்டு வராது. குழுவில் நின்ற ஒரே கிறிஸ்துமஸில் வாயை மட்டும் அசைக்கச் சொல்லிவிட்டார்கள். தன் பெண்டாட்டியின் வாசிப்பையும் அவன் முன்னாலிருந்து கேட்டதே கிடையாது. பின்னறையில் கேட்பதெல்லாம் மரத்தின் முனகலும் தோலின் பெருமூச்சும்தான். ஆனாலும் மாடு கறக்கும்போது அவன் கால் தாளம் போடும்.

ஹில்கேயின் பெயர் வெளியே தெரிந்தது ஒரே ஒரு பாட்டால். பழைய காலத்துப் பெரிய உருப்படி அது. ஆரம்பத்தில் விரல்கள் இஷ்டத்துக்கு ஓடும். பிறகு ஒரு மெட்டை நான்கு குரல்கள் மாற்றி மாற்றித் துரத்தும். கடைசியில் எல்லாக் குழாய்களும் சேர்ந்து முழங்கும். அந்த முழக்கத்துக்கு முன்னால் ஹில்கே நிறுத்துவாள். ஒரு நீண்ட மௌனம். எங்கோ மரக்கட்டை ஒன்று கிறீச்சிடும். கோயிலில் இருமல்கூட எழாது. அப்புறம் இடி மாதிரி இறங்குவாள். எனக்கு ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறியும்.

அந்த மௌனத்துக்கு ஒரு ரசிகர் இருந்தார், டாக்டர் ரெம்மர்ஸ். எம்டன் நகரத்துப் பல் வைத்தியர். ஊரும் எம்டன், ஆளும் எம்டன். யாரிடமும் விட்டுக்கொடுக்கமாட்டார். ஒவ்வொரு அறுவடைத் திருநாளுக்கும் ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஆராதனை முடிந்து சபைக்கூடத்தில் டீ ஊற்றும்போது அவருக்கும் ஹில்கேவுக்கும் சண்டை மூளும்.

"இந்தப் பாட்டெல்லாம் மனுஷன் நடக்கிற நடையில போகணும், அம்மா. நீங்க ஓடறீங்க."

"பெரிய கோயில்ல நடங்க, டாக்டர். அங்க எதிரொலி அடங்கற வரைக்கும் காத்திருக்கணும். இங்க செங்கல் சுவர், மரக்கூரை. சத்தம் நிக்கவே நிக்காது. ஓடலைன்னா பாட்டு செத்துரும்."

"வேகம் எவ்வளவுன்னு இசைத்தாள்ல எழுதலையே!"

"எழுதலைல்ல? அப்ப என் இஷ்டம்."

"சரி, ஓடுங்க. ஆனா அந்த மௌனம் இருக்கே, அதுக்காக எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன். தாள்ல அங்க நிறுத்தமே கிடையாது. எழுதாத இடத்துல நிறுத்த ஒரு தைரியம் வேணும்."

கற்கண்டின் மேல் டீயை ஊற்றிக்கொண்டிருந்த ஊபோ தலை நிமிர்ந்தான். அந்த நிறுத்தம் பாட்டிலேயே இருக்கிறது என்றுதான் அவன் அதுநாள் வரை நினைத்திருந்தான். இடது துருத்தியின் தோல் அவன் வருவதற்கு முன்பே கீறல் விட்டு, காற்று கசிந்துகொண்டிருந்தது. கடைசி முழக்கத்துக்கு இரண்டு துருத்தியும் முழுசாக விரிந்திருக்க வேண்டும். அந்த மௌனத்தில்தான் அவன் அரக்கப்பரக்க ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறுவான். அவன் ஏறும் மிதிகட்டைதான் கிறீச்சிடும். கிறீச் கேட்டதும் அவள் ஆரம்பிப்பாள்.

வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறான். "ஹில்கே, அங்க பாட்டுக்காக நிறுத்தறியா, எனக்காக நிறுத்தறியா?"

"டீ ஆறுது, குடி" என்றாளாம். அதற்கப்புறமும் எத்தனையோ தடவை கேட்டான். ஒவ்வொரு தடவையும் டீ ஆறிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு அவன் முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. சபைக் குழு கூடி, துருத்திக்குப் புதுத் தோல் போடுவது, காற்றுக்கு மோட்டார் வைப்பது என்று முடிவெடுத்தது. ஆர்கன் செய்கிறவர்கள் வந்து மாதக்கணக்கில் பிரித்து மாட்டினார்கள். மணியை மட்டும் பழைய பொருள் என்று கழற்றாமல் விட்டார்கள். ஊபோ கோபித்துக்கொள்ளுவான் என்று பயந்தேன். அவன் கவலை வேறாக இருந்தது.

"மோட்டார் காத்து தீரவே தீராது, ஃபென்னா" என்றான் என்னிடம், நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தபோது. "இனிமே அவ நிறுத்தியே ஆகணும்னு இல்ல. நிறுத்தினா அது பாட்டுக்காக. நிறுத்தலைன்னா, இத்தனை வருஷமா அவ பாட்டைக் கெடுத்தது நான்தான்."

"போடா பைத்தியக்காரா. போய் ஒத்திகையில உக்காந்து கேட்டுட்டு வா, தெரிஞ்சுரும்."

"எனக்குத் தைரியம் இல்ல."

ஒத்திகை நடந்த சாயங்காலங்களில் அவன் மாடுகளை ஓட்டிக்கொண்டு கடலணைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். ஆர்கன் சத்தம் கேட்காத தூரம் அது.

அறுவடைத் திருநாளன்று கோயில் நிரம்பி வழிந்தது. பலிபீடத்தடியில் பூசணியும் முட்டைக்கோசும் குவிந்திருந்தன. ஊபோ பாலிஷ் போட்ட ஷூ மாட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். கைகளை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. பின் வரிசையில் டாக்டர் ரெம்மர்ஸ் பெட்டியைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

ஹில்கே ஆரம்பித்தாள். விரல்கள் ஓடின. நான்கு குரல்களும் ஒன்றையொன்று துரத்தின. ஊபோவின் பாதங்கள் பெஞ்சுக்கடியில் ஒன்று மாற்றி ஒன்று அழுந்துவதைப் பார்த்தேன். அந்த இடம் நெருங்க நெருங்க அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். நானும்தான்.

அவள் நிறுத்தவில்லை.

துரத்தல் அப்படியே முழக்கத்துக்குள் பாய்ந்தது. பெரிய குழாய்கள் காலடியில் அதிர்ந்தன. எனக்கு ஹில்கே மேல் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு மூச்சு நேரம் நின்றிருந்தால் உனக்கு என்னடி குறைந்துபோயிருக்கும்? ஆனால் பொய் சொல்லக்கூடாது. அடைத்து வைத்த தண்ணீர் மடை திறந்து ஓடுவது போல இருந்தது அது. இந்தப் பாட்டு அவள் மனசுக்குள் எப்போதும் இப்படித்தான் ஓடியிருக்கிறது என்று எனக்கே புரிந்தது.

பயந்துகொண்டே ஊபோ பக்கம் திரும்பினேன். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஆனால் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன வேகம் பாத்தியா, ஃபென்னா?" என்றான் என் காதருகில். "இவ்வளவு வேகத்தை உள்ள வச்சுக்கிட்டு ஒவ்வொரு தடவையும் எனக்காக நின்னிருக்கா. ஒரு தடவைகூட 'சீக்கிரம்'னு சொன்னதில்ல."



கடைசி முழக்கம் அடங்கியது. அப்போது ஆர்கனுக்குப் பின்னால், ஆளில்லாத அறையில், சின்ன மணி ஒலித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊபோ பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

டாக்டர் ரெம்மர்ஸ் வழியிலேயே அவன் கையைப் பிடித்தார். பாவம், முகம் வாடிப்போயிருந்தது.

"ஊபோ, என்ன இது? அந்த மௌனம் எங்க போச்சு?"

"அதுவா, டாக்டர்? இவ்வளவு நேரம் மூணாவது வரிசையில உக்காந்திருந்துது" என்றான் ஊபோ. "இப்ப டீ குடிக்கப் போகுது."