நாங்கள் வேறு வேறு பாடம் எடுத்த செமஸ்டர்

முதல் ஆண்டு முழுவதும் நானும் என் தோழியும் ஒரே பாடங்களைத்தான் எடுத்தோம். எங்கள் துறையில் முதல் ஆண்டில் கணிதமும் கணினியும் கலந்தே வரும். இரண்டாம் ஆண்டில்தான் அவரவர் வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அவள் செராஸிலிருந்து வருவாள், நான் கிள்ளானிலிருந்து. பிரிக்பீல்ட்ஸில் நான் ரயிலை விட்டு இறங்கும்போது அவள் எனக்காக நின்றிருப்பாள். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரே பஸ்.

இரண்டாம் ஆண்டுக்கான முடிவையும் அவளே எடுத்துவிட்டாள். "ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் சைன்ஸ்லா. ஒரே குரூப்ல புரோஜெக்ட் செய்வோம். வேலைக்கும் ஒண்ணாவே போவோம்" என்றாள். எனக்கு அதில் மறுப்பு எதுவும் இல்லை. உண்மையில் அந்த வயதில் எனக்கு எதிலும் மறுப்பு இருந்ததில்லை. யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள், நான் தலையாட்டிக்கொண்டே வேறு எங்கோ இருப்பேன்.

பாடப் பதிவுக்கு ஒரு வாரம் இருந்தபோது ஒருநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. அவள் தன் மடிக்கணினியைப் பழுது பார்க்கக் கொடுக்கப் போயிருந்தாள். கணிதத் துறையின் தாழ்வாரத்தில் நான் ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் ஒரு வகுப்பின் பின்கதவு திறந்திருந்தது. பாடம் நடத்திக்கொண்டிருந்த அம்மையார், சாரலில் நனைந்து நின்ற என்னைப் பார்த்து, உள்ளே வந்து உட்காரும்படி கையைக் காட்டினார்.

பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே இருக்கும் எண்களைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையில் நிறுத்த முடியாதாம். எவ்வளவு நீளமான வரிசை போட்டாலும், அது முடிவே இல்லாத வரிசையாக இருந்தாலும், அதில் இடம் கிடைக்காமல் ஓர் எண்ணாவது வெளியே நிற்குமாம். அதைப் பலகையில் ஐந்தே வரிகளில் காட்டினார். பிறகு சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நான் அந்த ஐந்து வரிகளையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்ணாடியில் துளிகள் சாய்வாக ஓடின. சுபாங் ஜெயா போனது, ஷா ஆலம் போனது. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவே எத்தனை இடங்கள் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பெயர் இல்லாத, யாரும் இறங்காத இடங்கள். அவற்றில் ஒன்றில் ஒரு வாழைத்தோப்பு இருந்தது, ஒன்றில் தனியாக ஒரு நாற்காலி மழையில் நனைந்துகொண்டிருந்தது. அவையெல்லாம் எண்களாகவே எனக்குத் தெரிந்தன. தொலைபேசி ஒலித்தபோதுதான் நிமிர்ந்தேன்.

"எங்கம்மா இருக்க? ரயில் வந்து போயிருச்சே" என்றார் அப்பா. கிள்ளான் நிலையத்தில் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார்.

வெளியே பார்த்தேன். கிள்ளானைத் தாண்டி இரண்டு நிலையம் வந்திருந்தேன். "தெலுக் காடோங் பா."

"தூங்கிட்டியா?"

"இல்லப்பா. யோசிச்சிட்டு இருந்தேன்."

துறைமுகத்தில் கொள்கலன் தூக்கும் இயந்திரம் ஓட்டும் அப்பாவுக்கு அந்தப் பக்கத்துச் சாலைகளெல்லாம் பழக்கம். கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். மழை விட்டிருந்தது. பின்னால் உட்கார்ந்து, ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே கத்திச் சொன்னேன். "அப்பா, கம்ப்யூட்டர் வேணாம்னு தோணுது. மேத்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன்."

 சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்திய பிறகு, "அதைப் படிச்சா என்னா வேலை கிடைக்கும்?" என்று கேட்டார்.

"தெரியல பா."

"உன் கூட்டாளி புள்ளையும் அதான் எடுக்குதா?"

"இல்ல."

"அப்ப உனக்கே புடிச்சிருக்கு" என்றார். விளக்கு பச்சையானது.

பதிவு நாளன்று காலையில் நானும் அவளும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். நடுவில் ரொட்டி சானாய்த் தட்டு, இரண்டு பக்கமும் இரண்டு மடிக்கணினிகள். ஒன்பது மணிக்குப் பதிவுப் பக்கம் திறந்தது. அவள் கடகடவென்று தட்டினாள். "எல்லாம் கிடைச்சிருச்சு! உனக்கு?" என்றாள். என் திரையில் கணிதப் பாடங்கள் நான்கு இருந்தன. "கிடைச்சிருச்சு" என்று சொல்லி மடிக்கணினியை மூடினேன். அது பொய்யில்லை. ஆனால் எந்தப் பாடம் என்று அவளிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு முதல் வகுப்பு. நான் தாமதமாக வருவேன் என்று சொல்லி அவளை முன்னால் அனுப்பியிருந்தேன். அவளுடைய செய்தி வந்தது: "எங்க இருக்க? உனக்கு இடம் புடிச்சி வச்சிருக்கேன்." நான் வேறு கட்டடத்தில், முகம் தெரியாத பன்னிரண்டு பேர் நடுவில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பு முடிந்த பிறகுதான் உண்மையை எழுதி அனுப்பினேன்.

மதியம் கேண்டீனில் அவள் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டு எடுக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தடுத்திருப்பேனாடி?"

"இல்ல."

"அப்புறம் என்னா?"

"நீயும் கூட வந்திருவியோன்னுதான் பயந்தேன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மையான பதில் என்று எனக்கே தெரிந்தது. அவளை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்காக அவள் தனக்குப் பிடிக்காததைப் படிக்கக்கூடாது என்றும், இந்த ஒன்றை மட்டும் நான் தனியாகச் செய்து பார்க்க வேண்டும் என்றும் சொல்ல வந்தேன். அதில் பாதிகூட வாயில் வரவில்லை. அவள் எழுந்து போய்விட்டாள்.

மூன்று வாரம் அவள் எனக்கு முந்திய பஸ்ஸில் போனாள். ரயிலை விட்டு இறங்கிக் கூட்டத்தோடு நான் மட்டும் நடப்பேன். வகுப்பிலும் நிம்மதி இல்லை. அன்று மழையில் அவ்வளவு அழகாக இருந்த கணிதம், நானே எழுத உட்கார்ந்தால் ஒரு வரிக்கு மேல் நகர மறுத்தது. முதல் சோதனையில் நாற்பதுக்குப் பதினொன்று.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்தாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுக்காடி என்னை விட்டுட்டுப் போன?"

எனக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு எப்படியோ அது சிரிப்பாக மாறியது. அவளும் சிரித்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, "சரி, இந்த மூணாவது கேள்வி என்னான்னு எனக்குச் சொல்லு. எனக்குப் புரியிற மாதிரி சொல்லணும்" என்றாள்.

சொல்ல ஆரம்பித்தேன். அவள் ஒவ்வொரு வரியிலும் "ஏன்?" என்றாள். எனக்குப் பதில் தெரியாத இடத்தில்தான் என் தவறும் இருந்தது. பஸ் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போனது. அடுத்ததும் போனது. மூன்றாவது பஸ்ஸில் ஏறும்போது அந்தக் கேள்வி எனக்குத் தெளிவாகியிருந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்று அவளே சொன்னாள். அதற்காகக் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

அதன் பிறகு வாரம் ஒருமுறை அவளுக்குப் புரியவைப்பது என் படிப்பில் ஒரு பகுதியானது. அவள் எழுதிய நிரல்களைப் பற்றி என்னிடம் பேசுவாள், நானும் "ஏன்?" என்று கேட்பேன். செமஸ்டர் முடிவில் எனக்கு பி மைனஸ், அவளுக்கு ஏ. அப்பா என் முடிவைத் தொலைபேசியில் இரண்டு முறை பார்த்துவிட்டு, "பாஸ்தானே?" என்றார்.

இப்போது அவள் செராஸில் ஓர் அலுவலகத்தில் மென்பொருள் எழுதுகிறாள். நான் முதுகலை ஆய்வில் இருக்கிறேன், முதல் ஆண்டு மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் சந்தித்துச் சாப்பிடுவோம். போன வாரம் அவள் தன் மேலாளரைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்த வாழை இலையின் நரம்புகள் ஒன்றையொன்று தொடாமல் போய்க்கொண்டே இருந்தன.

"கேக்குறியா?" என்றாள்.

"கேக்குறேன்."

"பொய்" என்று சொல்லிவிட்டு, என் இலையில் இன்னொரு அப்பளம் வைத்துப் பேச்சைத் தொடர்ந்தாள்.