குழந்தைவேலு ஆசாரியின் பழங்கிழங்கு

காரைக்குடி மார்க்கெட்டில் குழந்தைவேலு ஆசாரி முகம் சுளிக்காமல் இருந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. சாக்கடை நாறினாலும் சுளிப்பார். கிழங்கை நாலு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களைக் கண்டாலும் சுளிப்பார். பிறந்தது தச்சுக் குடும்பம். உளி பிடிக்க இவனுக்குப் பொறுமை போதாது என்று அப்பா விரட்டிவிட, கல்லல் பக்கத்துத் தோட்டங்களில் கிழங்கு பிடித்து ரயிலில் கொண்டுவந்து விற்கத் தொடங்கினார். விற்றாரே தவிர ஒரு துண்டை வாயில் வைத்ததில்லை.

"மண்ணுக்குள்ள புழுவோட படுத்து எந்திரிச்சதை எவன் திம்பான்?" என்பார், வாங்க வந்தவர்களிடமே.

இப்படிப்பட்ட வாயாடியிடம் ஊர் ஏன் வாங்கியது என்றால், அவர் விற்ற கருணைக்கிழங்கு அரிக்காது. தோண்டிய கையோடு சமைத்த கருணை நாக்கையும் தொண்டையையும் பிடுங்கி எடுத்துவிடும். ஆசாரி கடைக்குப் பின்னாலிருந்த அறையில் மணலைப் பரப்பி, கிழங்கை அதன்மேல் மாதக்கணக்கில் காயப் போடுவார். அப்புறமும் நம்பமாட்டார். ஒன்றை நறுக்கித் தன் முழங்கையின் உள்பக்கத்தில் தேய்த்துப் பார்ப்பார். அரித்தால் அந்தக் குவியல் வெளியே வராது, எந்தப் பெரிய வீட்டுக் கல்யாணம் காத்துக்கிடந்தாலும் சரி. கை எப்போது பார்த்தாலும் தடித்துச் சிவந்திருக்கும். ஆசாரி கடைப் பழங்கிழங்கு என்று சொல்லிவிட்டால் போதும், சமையல்காரர்கள் அரிப்பு போகப் புளியந்தழை போட்டு அவித்துத் தண்ணீரைக் கொட்டுகிற வேலையை விட்டுவிட்டு நேரே மசியலுக்கு இறங்கிவிடுவார்கள். அந்தப் பெயர் ஒன்றுதான் அவர் சேர்த்த சொத்து.

அறுபதுகளின் நடுவில் மழை ஏமாற்றியது. அரிசிக்கு ஊரே அலைந்தது. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சோறாகிவிட்டன. கூலிக்காரர்கள் பட்டப்பகலில் கடை வாசலில் நின்று வாங்கிப் போனார்கள். பெரிய வீடுகளோ கடையின் பின்கதவுக்கு ஆள் அனுப்பின. மீனாள் ஆச்சி வீட்டு ஆள் கூடையைத் துணியால் மூடிக்கொண்டு, "ஆச்சி வீட்டுக்குன்னு யாருகிட்டயும் சொல்லிப்புடாதீக" என்று கெஞ்சினான்.

"திங்க வெக்கமில்ல, வாங்கத்தான் வெக்கமாக்கும்" என்று ஆசாரி கூடையை நிரப்பிவிட்டுக் காறித் துப்பினார்.

பிறகு மழை வந்தது, அரிசியும் வந்தது. வயிற்றை நிரப்பிய கிழங்குக்கு உடனே பஞ்சக் கிழங்கு என்று பட்டம் கட்டினார்கள். லாரியில் உருளைக்கிழங்கு வந்து இறங்க, அதைத் தின்பதே நாகரிகமாகிவிட்டது. விலைபோகாத சிறுகிழங்கையும் சேம்பையும் விட்டுவிட்டுக் கல்லல் தோட்டக்காரர்கள் கடலை போட்டார்கள். விருந்து இலையில் மசியலுக்கு ஓர் இடம் இருந்ததால் கருணை மட்டும் தப்பிப் பிழைத்தது.

அதையும் கெடுக்க, எழுபதுகளின் தொடக்கத்தில் சேதுபதி என்பவர் எதிர்க்கடை போட்டார். வெளியூரில் முற்றாமல் தோண்டிய கிழங்கு லாரியில் வரும். அதைச் சாம்பலில் புரட்டி, வெயிலில் வாட்டி, சுருங்கினதும் பழங்கிழங்கு என்று விற்பார். விலை குறைவு என்றதும் ஊர் அங்குட்டுத் திரும்பியது. எதிரில் உட்கார்ந்து இதைப் பார்க்கும்போதெல்லாம் ஆசாரி காறித் துப்புவார்.

மீனாள் ஆச்சி மகள் கல்யாணத்துக்குக் கிழங்கு சேதுபதி கடையிலிருந்துதான் போனது. ஆனால் சமையல்காரர் குருநாதனிடம் ஆச்சி சொன்னது ஆசாரி கடைச் சரக்கு என்று. குருநாதன் நம்பினார். புளியந்தழை பக்கமே போகாமல் மசித்து இறக்கிவிட்டார்.

முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார். மசியலில் கை வைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மாப்பிள்ளையைப் பெற்ற அப்பச்சி தொண்டையைச் செருமினார். பக்கத்து இலைக்காரர் நாக்கை வெளியே நீட்டினார். மோரைக் கொண்டா, வெல்லத்தைக் கொண்டா என்று பந்தியே எழுந்து நின்றது. உதடு வீங்கிய ஒரு பெரியவர் இலையிலேயே துப்பினார். எவன் கொடுத்த கிழங்கு என்று கேட்டார்கள். குருநாதன் ஆசாரி பெயரைச் சொன்னார்.

ஆள் வந்து கூப்பிட்டதும் ஆசாரி நேரே அந்த வீட்டு அடுப்படிக்குத்தான் போனார். மிச்சமிருந்த சாக்கில் கை விட்டார். விரலெல்லாம் சாம்பல். அவர் வாயைத் திறப்பதற்குள் ஆச்சி அவரைச் சாமான் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஆசாரி, கொறஞ்ச வெலைக்கு வாங்குனோம்னு சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா, எம் மக காலம் பூரா பேச்சு வாங்குவா. ஒங்க கெழங்குதான், தவறிப்போயிப் புதுசு கலந்துருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. இனிமே நம்ம வகையில எந்த விசேஷம்னாலும் ஒங்க சரக்குத்தான்."

அந்தப் பெண்ணை நினைத்து ஆசாரி ஒரு கணம் தயங்கத்தான் செய்தார். பிறகு சாக்கிலிருந்து எடுத்துவந்த கிழங்கை மடிக்கத்தியால் நறுக்கி நீட்டினார்.

"கையில தேச்சுப் பாருங்க ஆச்சி. அரிக்கலைன்னா என் கெழங்குன்னு சொல்றேன்."

ஆச்சி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

ஆசாரி வெளியே வந்து சம்பந்தி முன்னால் நின்றார். "இது என் கெழங்கு இல்ல. எங்க வாங்குனாகன்னு சொல்ல நான் வரல. என் கெழங்கு இல்ல, அம்புட்டுத்தான்."

"அரிக்கிற கெழங்கையும் குடுத்துப்புட்டு, கெழங்கு விக்கிறவனுக்கு இம்புட்டுத் திமிரா!" என்றார் மாப்பிள்ளையின் அப்பச்சி. பந்தியில் இருந்தவர்களுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. பெரிய வீட்டு ஆச்சி பொய் சொல்வார் என்று நினைப்பதைவிட அது அவர்களுக்குச் சுலபம். மறுநாளிலிருந்து மார்க்கெட்டில் ஆசாரி கடையைத் தாண்டிப் போகிறவர்கள் தொண்டையைச் செருமிக் காட்டிச் சிரித்தார்கள். சேதுபதி கடையில் கூட்டம் குறையவே இல்லை.

அடுத்த கல்யாண மாதத்தில் ஒரு நாள் பின்கதவு தட்டப்பட்டது. குருநாதன் நின்றார், துணி மூடிய கூடையோடு.

"ஆச்சி வீட்டுல விசேஷம். பழங்கெழங்கு ஒங்ககிட்டத்தான் இருக்கும்னு சொல்லச் சொன்னாக. ஒங்க கடையில வாங்குனது மட்டும் வெளிய தெரிய வேணாமாம்."

ஆசாரி எழுந்திருக்கவில்லை. "முன்வாசலுக்கு வரச் சொல்லுங்க. என் பேரைச் சொல்லி, நாலு பேரு காதுல விழக் கேக்கச் சொல்லுங்க. கெழங்கு தாரேன்."

குருநாதன் கூடையை எடுத்துக்கொண்டு போனார். முன்வாசலுக்கு யாரும் வரவில்லை.

மணலில் கிடந்த கிழங்கு முளைவிடத் தொடங்கியது. ஆசாரி அதை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவி காளியம்மாள் முன்னால் கொட்டி, மசியல் வைக்கச் சொன்னார். புளியந்தழை வேண்டாம் என்றார். பரிமாறியதை முதல்முதலாக அள்ளி வாயில் போட்டு, நாக்கில் வைத்துக் காத்திருந்தார்.

"அரிக்குதா?" என்றாள் காளியம்மாள்.

அரிக்கவில்லை. துளிகூட அரிக்கவில்லை. ஆனாலும் மண்ணும் புழுவும் நினைவுக்கு வர, அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எழுந்துபோய் முற்றத்தில் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தார்.