டீ நேரத்தில் போட்ட டிக்

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் குழந்தைகளின் பேதியைக் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தபோது, கேள்வி கேட்காமலே பதில் எழுதுவதில் நான் தேர்ச்சி பெற்றிருந்தேன். நாலு புத்தகம் படித்தவன், மனிதர்களைப் பார்த்தவுடன் எடை போட்டுவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்கே ஓர் அபிப்பிராயம். அதன் விளைவு அது.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி. குழந்தைகளுக்குப் பேதி வரவைக்கும் ரோட்டா வைரஸுக்கு வாயில் ஊற்றும் தடுப்பு மருந்து தனியார் கிளினிக்குகளுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அரசாங்கம் அதை இலவசமாகக் கொடுக்கவில்லை, விலையும் அதிகம். மருந்து வந்தபின் எந்தக் குழந்தைகள் படுக்கிறார்கள், மருந்து குடித்தும் படுப்பவர்கள் உண்டா, அவர்களுக்காவது லேசாக வந்து போகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. பேதியோடு குழந்தை அட்மிட் ஆனால் நான் போய் மலத்தை ஒரு சின்ன டப்பாவில் வாங்கி, லேபில் ரோட்டாவா என்று கண்டுபிடிக்கும் எலைசா டெஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு ஃபார்மை நிரப்ப வேண்டும். எம்.ஏ. படித்தவன் டப்பாவோடு அலைவதை உறவினர்கள் ‘லேப் லைன்ல இருக்கான்’ என்று கௌரவமாகச் சொல்லிவந்தார்கள்.

ஃபார்மில் பதினான்காவது கேள்வி: ரோட்டா மருந்து கொடுத்தாயிற்றா? ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று கட்டங்கள். தனி அறைகளில் இதைக் கேட்பேன். ஜெனரல் வார்டில் கேட்டதே இல்லை. அங்கே யார் அதை வாங்கப்போகிறார்கள்? காலையில் டீ குடிக்கும்போதே ஒரு கட்டு ஃபார்மில் ‘இல்லை’க்கு டிக் போட்டு வைத்துக்கொள்வேன். நேரம் மிச்சம்.

மர்பி டவுனிலிருந்து வந்து ஜெனரல் வார்டில் குழந்தையைச் சேர்த்திருந்த சகாயமேரியிடம் மாட்டினேன். கார்மெண்ட்ஸில் செக்கர், தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். என் கையிலிருந்த ஃபார்மை எதிரே உட்கார்ந்தபடி தலைகீழாகவே படித்துவிட்டார்.

“இன்னா சார் இது, ரோட்டாவுக்கு ‘நோ’ன்னு டிக்கு? என்னை எப்ப கேட்டீங்க?”

வழக்கமாக எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்று ஏதோ முனகினேன். அவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, குழந்தையின் தடுப்பு மருந்து அட்டையைப் பிரித்தார். இரண்டு டோஸ். தேதி, கிளினிக் முத்திரை, மருந்துப் பெட்டியின் ஸ்டிக்கர், எல்லாம் இருந்தன.

“மூத்தது வயித்தால போயே செத்துச்சு சார். அதுக்கோசரம் ஓவர்டைம் பார்த்து இதுக்கு வாங்கி ஊத்தனேன். நீங்க ‘நோ’ன்னு எழுதினா, ஒண்ணைப் பறிகொடுத்தும் பெத்தவளுக்கு புத்தி வரலன்னுதானே படிக்கிறவன் நினைப்பான்?”

திருத்தினேன். டெஸ்ட்டில் ரோட்டா பாசிட்டிவ். ஆனால் குழந்தை இரண்டாம் நாளே எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டது. நோய் வந்தும் லேசாகப் போயிருந்தது. நாங்கள் தேடிக்கொண்டிருந்ததே இப்படிப்பட்ட குழந்தையைத்தான். அதைத்தான் என் டிக் மறைக்கப் பார்த்தது.

சீனியர் டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் ஒரு மீட்டிங்குக்காக ஸ்லைடு தயாரித்துக்கொண்டிருந்தார். திரையில் தடித்த ஆங்கில எழுத்தில், ஏழைத் தாய்மார்களுக்கு இந்த மருந்தைப் பற்றிய விழிப்புணர்வே இல்லை என்றிருந்தது. அந்த விழிப்பின்மை முழுக்க என் பால்பாயிண்ட் பேனாவிலிருந்து வந்தது. அதையும் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை.

“அந்த ஒரு ஃபார்மை மட்டும் திருத்துப்பா. ஜெனரல் வார்டுல எத்தனை பேர் வாங்கியிருக்கப் போறாங்க? பிராக்டிகலா இரு.”

டீக்கடையில் நான் எனக்கே சொல்லிக்கொண்ட வசனம்தான். இன்னொருவர் வாயில் கேட்டபோது உடம்பு எரிந்தது. ஒருத்தி ஓவர்டைம் பார்த்துப் பிள்ளைக்கு மருந்து வாங்குகிறாள். அவளைக் கேட்காமலே வாங்கவில்லை என்று எழுதுகிறோம். பிறகு அதையே கூட்டிப் பெருக்கி, அவளுக்கு அறிவில்லை என்று சுவரில் படம் காட்டுகிறோம். அடுத்த வருஷம் அவளுக்கு விழிப்பூட்ட ஒரு குழு ஜீப்பில் போகும். வாயைத் திறந்து கேட்காதவர்கள் நாங்கள். அறியாதவள் மட்டும் அவளா?

அந்த ஸ்லைடு இருந்தால் ஃபார்ம்களில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். ஆதாரம் கொண்டுவா என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில், ஜெனரல் வார்டில் படுத்த குழந்தைகளின் விலாசப் பட்டியலோடு மர்பி டவுன், அடுகோடி என்று சந்து சந்தாக அலைந்தேன். பெரும்பாலோர் மருந்து கொடுக்கவில்லைதான். ஆனால் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்ததாகப் பலர் சொன்னார்கள். கடன்பட்டு வாங்கிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அட்டையை ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்திருந்தார்கள். ஸ்லைடு போயிற்று. ‘டேட்டா க்ளீனிங் காரணமாகத் தாமதம்’ என்று டாக்டர் மேலிடத்துக்கு எழுதினார். அழுக்கு யாருடையது என்று எழுதவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஃபார்மில் ‘தெரியாது’ என்று இருக்கும் கட்டம் அம்மாக்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கேள்வி கேட்காதவரை அதில் உட்கார வேண்டியவர்கள் நாம்தான்.

கடைசியாக சகாயமேரியின் வீட்டுக்கும் போனேன். திருத்திய ஃபார்மின் நகலை நீட்டி, அவரால்தான் ஒரு பெரிய தப்பு நின்றது என்று சற்று நீளமாகவே பேசினேன். அவர் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, காலரைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார்.

“பதினாலு சரியா இருக்கு சார்,” என்றார். “ரெண்டாவதுல பையன்னு டிக் அடிச்சிருக்கீங்க. இது பொட்டப் புள்ள.”