மெர்சியக்கா கேட்ட எதிர் வாசல்

போன ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் எங்கள் பழைய காலனிக்குப் போயிருந்தேன். மீட்டிங். காலனியை இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டப் போகிறார்கள். அப்பா விட்டுப்போன வீடு ஒன்று அங்கே என் பெயரில் இருப்பதால் எனக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கப் டீ.

அந்தக் காலனியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து கட்டியது. இரண்டு வரிசை வீடுகள், எதிரெதிராக. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே வாசல். கதவைத் திறந்தால் எதிர் வீட்டு அடுப்படி வரை தெரியும். மார்கழிக் கோலம் இந்த வரிசையில் ஆரம்பித்து அந்த வரிசையில் முடியும். அதே கோலத்துக்கு மேலே கயிறு கட்டி கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கும். கல்யாணப் பந்தலும் அங்கேதான், சாவுக்குப் போடும் பந்தலும் அங்கேதான். ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டால், யார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எச்சில் கையோடு ஓடி வருவேன்.

அங்கே எதிரெதிர் வீட்டில் மெர்சியக்காவும் கஸ்தூரியம்மாவும். இருவருக்கும் எழுபதைத் தொடும் வயது. மெர்சியக்கா தனி ஆள், மகன் துபாயில். இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம்? கஸ்தூரியம்மா தன் மகள் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் மகனிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். அதுவும் எதிர் வீட்டுக்கு... நம் ஊரில் இதைவிடப் பெரிய குற்றம் உண்டா?

பேச்சுதான் இல்லை, பார்வை உண்டு. போன வருஷம் நடந்ததைக் காலனிச் செயலாளர் செல்வம் சொன்னார். மெர்சியக்காவுக்குச் சர்க்கரை வியாதி. ஒருநாள் வெயில் ஏறியும் அவர் கதவில் மாட்டிய பையில் பால் பாக்கெட் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கஸ்தூரியம்மா நேரே போய்க் கதவைத் தட்டினாரா? அதெப்படி — ரோஷம் என்ன ஆவது? தன் வீட்டுப் படியில் நின்றபடி, பொதுவாக, ஊருக்கே கேட்கும்படி சொன்னாராம்: “பாலு இன்னும் பையிலயே கீது. ஊட்ல இன்னா ஆச்சுன்னு யாராச்சும் பாருங்கப்பா.”

கதவை உடைத்தார்கள். மெர்சியக்கா தரையில் மயங்கிக் கிடந்தார். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதால் பிழைத்தார். திரும்பி வந்த பிறகும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மீட்டிங்குக்கு வருகிறேன். என்ஜினியர் பிளானை விரித்துக் காட்டினார். “எந்த ஃப்ளாட் கதவும் இன்னொரு கதவுக்கு நேரா வராது. ஃபுல் பிரைவசி.” நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அடுத்து, யாருக்கு எந்த வீடு என்று செல்வம் வாசித்தார். பாவம், நல்லது செய்வதாக நினைத்து, மெர்சியக்காவுக்கு முதல் மாடியும் கஸ்தூரியம்மாவுக்கு மூன்றாவது மாடியும் ஒதுக்கியிருந்தார்.

மெர்சியக்கா எழுந்தார். “எனக்கு அந்தம்மா ஊட்டுக்கு எதிர்க்க குடுப்பா. கதவைத் தொறந்தா அவங்க கதவு தெரியணும். இல்லாங்காட்டி நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

ஒரு கையெழுத்து குறைந்தாலும் வேலை நடக்காது.

“அக்கா, நீங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கறதே இல்லியே...” என்று இழுத்தார் செல்வம்.

“பேசறதுக்கா கேக்கறேன்? அந்தம்மா பார்த்துக்கினு இருந்ததாலதான் நான் இன்னிக்கி உசுரோட கீறேன். மூணாவது மாடில இருந்து என் கதவு தொறந்துதா இல்லியான்னு யாருக்குத் தெரியும்?” கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

கஸ்தூரியம்மா மெர்சியக்கா பக்கம் திரும்பவே இல்லை. ஃபேனைப் பார்த்துச் சொன்னார்: “நடுவுல லிஃப்டு கிஃப்டுன்னு எதுனா வெச்சு மறைச்சிடப் போறாங்க. அதையும் சொல்லிடச் சொல்லு.”

என்ஜினியர் வாஸ்து என்றார், ரீசேல் வேல்யூ என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் பென்சிலை எடுத்தார். இரண்டாவது மாடியில் இரண்டு கதவுகள் இடம் மாறி நேருக்கு நேர் வந்தன. லிஃப்ட் ஓரத்துக்குப் போனது.

பிரைவசி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் கருவாடு வறுத்தால் காலனிக்கே தெரியும். நான் கணக்கில் ஃபெயிலானது அப்பாவுக்கும் முன்னால் காலனிக்குத் தெரியும். ஆனாலும், சுவர் எங்கே, கதவு எங்கே என்று வரைகிறவர், யார் கண்ணில் யார் பட வேண்டும் என்பதையும் சேர்த்தே அல்லவா வரைந்துவிடுகிறார்?

சாயங்காலம் வானகரத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்குத் திரும்பினேன். ஏழாவது மாடி. எங்கள் கதவுக்கு எதிரே வெறும் சுவர். அதைத் தாண்டித் திரும்பினால் அடுத்த வீடு. எப்போதும் சாத்தியே இருக்கும். நாலு வருஷமாகக் குடியிருக்கிறோம், அவர்களோடு இதுவரை ஒரு சின்ன மனஸ்தாபம்கூட இல்லை.

சண்டை போடுவதற்குப் பெயராவது தெரிய வேண்டும் அல்லவா...