ஒற்றைக் காசுக் கொடி

என் தங்கச்சி லண்டனில் நகை வடிவமைக்கிறாள். நான் திருகோணமலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறேன். சின்ன வயதில் எங்கள் இரண்டு பேரில் நன்றாகக் கீறியது நான்தான். இதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எந்தக் கதையையும் என்னால் தொடங்க முடிவதில்லை.

அவள் வேலை செய்யும் இடம் பெரும் பணக்காரருக்கு மட்டுமே நகை செய்கிறது. வருடத்துக்கு ஒரு நாட்டைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருமுறை எகிப்து ராணிகளின் கழுத்துப்பட்டை, ஒருமுறை மொகலாயரின் பச்சைக்கல், இன்னொருமுறை யப்பான்காரரின் வாள்பிடி. போன வருடம் எங்கள் துறைமுகத்தின் முறை வந்தது. அதாவது, என் கழுத்தின் முறை.

எங்கள் தாலிக்கொடியில் தாலிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பவுண் காசு தொங்கும், வெள்ளைக்காரன் காலத்துக் காசு. என் கொடியில் ஒன்றுதான். மற்றதை அவள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனபோது கழற்றி விற்றோம். அன்று மனமாரத்தான் கொடுத்தேன். வயிற்றெரிச்சல் பிறகு வந்தது, அவளுக்குப் பேரும் புகழும் வரத் தொடங்கியபோது. கலியாண வீடுகளில் சேலைத் தலைப்பை இழுத்து அந்த வெறும் பக்கத்தை மறைத்தே எனக்குப் பழகிவிட்டது.

அதைத்தான் அவள் மாலையாக்கியிருந்தாள். போனில் படம் காட்டினாள். நடுவில் பதக்கம், இடப்பக்கம் ஒரு காசு, வலப்பக்கம் காசு தொங்கவேண்டிய வளையம் மட்டும். கப்பலில் வந்தவர்கள் எல்லாரும் எதையோ வைத்துவிட்டு எதையோ கொண்டுபோனார்கள், அதுதான் அந்த வெறுமை என்றாள். பிள்ளையார் பொறித்த தாலிக்குப் பக்கத்தில் காசிலுள்ள இங்கிலாந்து ராசாவின் தலை தொங்குவதை உலகத்தில் வேறெங்கே காணலாம் என்றும் கேட்டாள். பிள்ளையாரும் ராசாவும் இத்தனை வருடமாக என் நெஞ்சில்தான் கிடக்கிறார்கள். எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

இந்த வருடம் ஒரு படப்பிடிப்பாளனோடு வந்து உப்புவெளிக் கடற்கரையில் அறை எடுத்தாள். மாலைகளுக்காக அவர்கள் போடும் புத்தகத்தில் முதல் படமாக என் கொடி வரவேண்டுமாம், என் கழுத்தில், கடற்கரையில். முகம் தேவையில்லையாம். எங்கள் லிங்கநகர் வீட்டுக்கு வந்து ஒரு சின்னப் பெட்டியைக் கையில் தந்தாள். உள்ளே ஒரு பவுண் காசு, அதே ராசா.

"படம் எடுத்து முடிஞ்ச பிறகு கோர்த்துப் போடுங்கோ அக்கா," என்றாள்.

நான் தலையாட்டினேன். அடுத்த நாள் நகைக்கடை திறக்க முதலே வாசலில் போய் நின்று, காசைக் கோர்த்துக்கொண்டு, அங்கிருந்தே ஓட்டோ பிடித்து உப்புவெளிக்குப் போனேன். சேலைத் தலைப்பை ஒதுக்கி, இரண்டு காசும் வெயிலில் மின்ன மணலில் நின்றேன்.

அவள் முகம் சுருங்கியது. எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

"நான் பிறகு எண்டெல்லோ சொன்னனான்," என்றாள்.

"உன்ரை படத்துக்காக இன்னும் ஒரு நாள் குறையோட நிக்க என்னாலை ஏலாது."

படப்பிடிப்பாளன் மரியாதைக்கு இரண்டு மூன்று படம் எடுத்தான். வெயில் ஏறிவிட்டது என்று என்னை அனுப்பிவைத்தார்கள்.

புத்தகம் போன கிழமை தபாலில் வந்தது. முதல் பக்கத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெட்டையின் கழுத்து, அதில் அவளுடைய மாலை. என் கணவர் வாங்கிப் பார்த்துவிட்டு, நல்ல வேலைப்பாடு என்றார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று, என் கொடியின் வலப்பக்கக் காசைப் பெருவிரலால் மறைத்துப் பார்த்தேன். அவ்வளவு வடிவாக இருந்தது. அதை முதலில் கண்டிருக்க வேண்டியவள் நான்.