திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த படம்

"லேய் தங்கசாமி, மிஷின நிப்பாட்டுலே!"

இராஜாக்கமங்கலத்தில் ஒரு கல்யாண வீட்டில் என் முதலாளி இப்படிக் கத்தியபோது மூன்றாவது ரீல் ஓடிக்கொண்டிருந்தது. ஃபிலிம் அறுபடவில்லை. லாம்ப் போகவில்லை. ஜெனரேட்டர் ஒழுங்காகத்தான் உறுமிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. கூச்சல் முழுவதும் திரைக்குப் பின்னாலிருந்து, பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து வந்தது.

இப்போது நீங்கள் வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து படம் பார்க்கிறீர்கள். பார்த்து முடித்ததும் நல்லாயிருக்கு, மோசம் என்று நாலு பேருக்குச் சொல்கிறீர்கள். இந்தப் பழக்கத்தை எங்கள் பக்கத்தில் வீடு வீடாகச் சுமந்துகொண்டுபோய்ச் சேர்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் நான். பெருமை அடிக்கிறான் என்று தோன்றினால் தோன்றட்டும், பெருமைதான் அடிக்கிறேன்.

மல் துணியும் மறுநாள் காப்பியும்

எங்கள் ஊரெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த காலம். தமிழ்நாட்டோடு சேர இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருந்தது. நாகர்கோவிலில் தாணு முதலாளிக்கு ஒரு மைக்செட் கடை. பெட்ரோமாக்ஸ், பந்தல் சாமான் எல்லாம் வாடகைக்கு விடுவார். அவரிடம் பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டர் ஒன்று வந்து சேர்ந்தது. அதைத் தொட அனுமதி பெற்ற ஒரே ஆள் நான்தான். என் அம்மைக்குக்கூட நான் அன்றிலிருந்து 'ஆபரேட்டர்'.

வேலை இதுதான். கல்யாண வீடு, காதுகுத்து வீடு, கோவில் கொடைத் திருவிழா வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் புரொஜெக்டர், ஸ்பீக்கர், ஜெனரேட்டர் மூன்றையும் காளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது. முற்றத்தில் மல் துணியைத் திரையாகக் கட்டுவது. விளக்கு வைத்ததும் படத்தை ஓட்டுவது. ஒரே மிஷின் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் நிறுத்தி அடுத்த ரீலை மாட்ட வேண்டும். அந்த இடைவெளியில் ஜனங்கள் அதுவரை பார்த்ததைப் பற்றிப் பேசித் தீர்ப்பார்கள்.

அந்தப் பேச்சுதான் முதலாளிக்கு வேண்டும். எந்தப் படத்தை மறுபடி வரவழைக்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்.

"படம் எப்படின்னு யார்ட்டயும் கேக்காதே. கேட்டா, கொள்ளாம், நல்லாருக்குன்னுதான் சொல்லுவாவ. மறுநா காலம்பற அந்த வீட்டு முற்றத்துல இருந்து ரீல் சுத்து. காப்பி தருவாவ, குடி. காத மட்டும் தெறந்து வச்சுக்க."

அப்படியே செய்தேன். ரீவைண்டரின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே நான் கேட்ட அபிப்பிராயங்களுக்குக் கணக்கில்லை. இனயத்தில் ஒரு மீன்பிடிக்கிற வீட்டில், கதாநாயகன் புயலில் சிக்கும் காட்சிக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். "இது கடலா? தொட்டியில தண்ணிய விட்டுக் கலக்குகான். துடுப்ப அகப்ப மாதிரில்லா பிடிச்சிருக்கான்" என்று மறுநாள் அந்த வீட்டுக்காரர் எனக்குத் துடுப்பைப் பிடித்தே காட்டினார். படம் எடுத்தவர்கள் அங்கே இருந்திருந்தால் கடலில் குதித்திருப்பார்கள்.

மூன்றாவது ரீல்

இராஜாக்கமங்கலத்து வீட்டுக்காரர் பெயர் நாராயணன். நெல்வயலும் தென்னந்தோப்பும் உள்ளவர். அவருடைய மகனுக்குக் கல்யாணம் முடிந்து, முந்தின நாள்தான் மருமகள் வீடு புகுந்திருந்தாள். அவள் பெயர் பகவதி, பேச்சிப்பாறைப் பக்கத்துப் பெண். அவளுடைய அண்ணனும் சொந்தக்காரர்களும் விருந்துக்கு வந்திருந்தார்கள்.

நான் துணி கட்டப் போனபோது நாராயணன் அண்ணாச்சி சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருந்தார். கணுக்காலில் எண்ணெய்த் துணி சுற்றியிருந்தது. மருமகள் வந்த அன்றைக்கே கிணற்றடியில் வழுக்கி விழுந்து கால் பிசகிவிட்டது.

"எங்க வீட்டுல ஆணும் பெண்ணும் ஒண்ணா இருந்து பாக்க வழக்கம் கெடையாது, கேட்டியா. துணிய நடுவுல கெட்டு. நாங்க இந்தப் பக்கம், அவ்வோ அந்தப் பக்கம்" என்றார்.

அதுவரை நான் போன வீடுகளில் எல்லாம் பெண்கள் ஓரமாக ஒரு கயிறு கட்டி அதற்கு அப்பால் இருப்பார்கள். திரையை நடுவில் கட்டச் சொன்ன வீடு இதுதான் முதல். கட்டினேன். மல் துணியை நனைத்துக் கட்டினால் பின்பக்கமும் படம் தெளிவாகத் தெரியும் என்று முதலாளி சொல்லிக் கொடுத்திருந்தார். அதையும் செய்தேன்.

தொடக்கத்தில் பெயர்கள் எழுத்தாக ஓடும்போது பெண்கள் இன்னும் பந்தியில் சாப்பாடு விளம்பிக்கொண்டிருந்தார்கள். கதை தொடங்கிய பிறகுதான் ஒவ்வொருவராக வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். படம் ஒரு குடும்பக் கதை. இரண்டாவது ரீலில் ஒரு விருந்துக் காட்சி. ஆண்கள் பக்கம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் ஒரே சிரிப்பு.

"எல்லாவனும் பீச்சாங்கையால திங்கானுவோ, பாத்தியா!"

"மெட்ராஸ்ல அப்படித்தான் போல மக்கா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரிக்கிறார்கள், படம் பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மூன்றாவது ரீலில் கதாநாயகி கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்கு வருகிறாள். வாசலில் குத்துவிளக்கு, நெல் நிறைத்த நிறைநாழி. அவள் காலை எடுத்து உள்ளே வைக்கிறாள். அடுத்த காட்சியிலேயே மாமனார் மாடிப்படியில் உருண்டு விழுகிறார். அதைத் தொடர்ந்து கடை முடங்குகிறது, வீடு ஜப்தி ஆகிறது. பழி அவள்மேல் விழ, அவள் அழுதுகொண்டே நிற்கிறாள்.

அப்போதுதான் பின்னால் அந்தக் கூச்சல். நான் மிஷினை நிறுத்தி, பெட்ரோமாக்ஸைத் தூக்கி வைத்தேன். திரையை விலக்கிக்கொண்டு நாராயணன் அண்ணாச்சியின் அக்காள் வந்தாள். அந்த வீட்டில் எல்லாருக்கும் அவள் பெரியத்தை. அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"எடது கால வச்சு வீட்டுக்குள்ள கேறினா, மாமன் விழுந்தான், குடி முடிஞ்சு. சினிமாக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு. நேத்து இங்க ஒருத்தி கேறினதயும் நான் கண்ணால பாத்தேன். சொன்னா சண்ட பெகளம் ஆவுமேன்னு வாய மூடிட்டு இருந்தேன். இப்ப எந்தம்பி கால நீட்டிப் படுத்திருக்கான்!"

பகவதி திரையின் ஓரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளைப் பையன் வாயில் கொழுக்கட்டை. பெண்ணின் அண்ணன் எழுந்துவிட்டான். "பகவதி, எறங்கி வா. வந்து ஒரு நா முழுசா ஆவல்ல, அதுக்குள்ள ராசி கெட்டவளாயிட்டா. வா, நம்ம வீட்டுக்குப் போவோம்."

என் அக்காளையும் புகுந்த வீட்டார் இப்படி ஒரு சொல்லைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சொல் அவளை விட்டுக் கடைசிவரை போகவில்லை. நான் காட்டிய படத்தால் இன்னொரு பெண்ணுக்கு அது வந்தால் என்னால் பொறுக்க முடியாது.

எங்கே நின்றீர்கள்?

"படத்துல அந்தப் பெண்ணு வலது காலத்தான வச்சா?" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார். ஆமாம், ஆமாம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

"கண்ணு பொட்டையா ஒங்களுக்கு? எடது காலு!" என்று பெண்கள் பக்கம் எகிறியது. ஆண்கள் வலது என்க, பெண்கள் இடது என்க, கல்யாண வீடு சந்தையாகிவிட்டது.

எனக்குச் சுரீரென்றது. பீச்சாங்கையால் சாப்பிட்டதாகச் சிரித்தார்களே! நான் ரீலைக் கொஞ்சம் பின்னுக்குச் சுற்றி மாட்டினேன். மிஷினைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் பெண்கள் சொன்னதுதான் சரி. கண்ணாடியில் தெரிகிற மாதிரி எல்லாம் மாறித் தெரிந்தது. இடது கால்தான் உள்ளே வந்தது.

திரும்பி வந்து நாராயணன் அண்ணாச்சி முன்னால் நின்றேன்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு தடவ பொம்பளைய எல்லாரையும் இந்தப் பக்கம் வரச் சொல்லணும். ஆம்பிளையெல்லாம் அந்தப் பக்கம் போவட்டும்."

முதலாளி என் தோளைப் பிடித்து இழுத்தார். "லேய், வீட்டு வழக்கத்துல நீ தல இடாதே. நாளைக்கி ஒருத்தன் நம்மள கூப்பிட மாட்டான்."

"கூப்பிடாண்டாம், மொதலாளி" என்றேன். என் வேலை அன்றோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வாயிலிருந்து வந்துவிட்டது.

நாராயணன் அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். "செரி. எல்லாரும் மாறி இருங்கோ. நான் மட்டும் இங்கதான் இருப்பேன், என்னால எழும்ப ஏலாது" என்றார்.

பெண்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். நான் மூன்றாவது ரீலைத் தொடக்கத்திலிருந்து ஓட்டினேன். விளக்கு, நிறைநாழி, வாசல். கதாநாயகி வலது காலை எடுத்து வைத்தாள்.

பெண்கள் "ஆ" என்றார்கள். அதே நேரத்தில் பின்னாலிருந்து ஆண்கள் கத்தினார்கள். "எலே, எடது காலு! இப்ப எடது கால்லா வைக்கா!"

சிரிப்பு வெடித்தது. பெரியத்தை சிரிக்கவில்லை. நான் மிஷினை நிறுத்தினேன்.

"படம் துணியில மாறித் தெரிஞ்சுது, செரி. நேத்து துணி இல்லியே. என் எடதுகை பக்கத்துக் காலத்தான் இவ வச்சா" என்றாள் பெரியத்தை.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "பெரியத்தை, நேத்து நீங்க எங்க நின்னிய?" என்று கேட்டேன்.

"எங்க நிப்பேன்? ஆரத்தித் தட்டோட இவளுக்கு நேர் எதிர." சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. எதிரே நிற்கிறவளுடைய வலது கால் நம் இடது கைப்பக்கம்தானே வரும்.

அப்போதுதான் பகவதி முதல் முறையாகப் பேசினாள். "நான் வலது காலத்தான் வச்சேன் அத்தை. எங்க அம்ம ஒரு மாசமா இதச் சொல்லிச் சொல்லி எனக்குக் கனவுல கூட வலது காலுதான் வருகு."

நாராயணன் அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார்.

பெரியத்தை விடவில்லை. "அப்போ ஒனக்குக் காலு எதுக்குலே பிசகிச்சு?"

"கெணத்தடி கல்லுல பாசி, அக்கா. மழ பெய்ஞ்ச நாள்லேர்ந்து தேய்க்கச் சொல்லுகேன். இவன்தான் கேக்கல்ல" என்று மகனைக் காட்டினார். மாப்பிள்ளை கொழுக்கட்டையை விழுங்கினான்.

பெரியத்தை பகவதியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "மிச்சப் படத்தப் போடு தம்பி" என்றாள். பெண்ணின் அண்ணன் தோளில் போட்ட துண்டை எடுத்து மறுபடி தரையில் விரித்து, திரைக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

படம் முடிகிறவரை பெண்கள் முன்பக்கத்தை விட்டு அசையவில்லை. வீட்டு வழக்கம் என்று யாரும் வாய் திறக்கவும் இல்லை.

மறுநாள் காலை

முற்றத்தில் ரீல் சுற்றிக்கொண்டிருந்தேன். பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டே படத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். மாமியாராக வந்தவளுக்குப் புருவம் சரியில்லையாம். பாட்டு கொள்ளாமாம். கடைசிச் சண்டை வேண்டாததாம். ஆண்கள் பக்கத்துக்கு ஒரே குறைதான்: கடைசியில் கதாநாயகன் வில்லனை அடித்ததெல்லாம் இடது கை என்பதால் அடியில் உறைப்பு இல்லையாம்.

பகவதி காப்பி கொண்டுவந்தாள். முதலாளியின் கட்டளையை மீறி அவளிடம் மட்டும் கேட்டேன், படம் எப்படி என்று.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்த வாரமே இரண்டு வீட்டுப் பெண்கள் ஆள் அனுப்பினார்கள், "முன்னால இருந்து பாக்க விடுத ஆபரேட்டரு" வேண்டும் என்று. அதற்குப் பிறகு நான் துணி கட்டிய எந்த வீட்டிலும் பெண்கள் திரைக்குப் பின்னால் உட்காரவில்லை. எடுத்துச் சொன்னால் கேட்டார்கள். இந்தக் கை செய்த வேலையில் எனக்குப் பெரிய பெருமை அதுதான்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. ஒருவர் ஒரு படத்தைப் பற்றி உங்களுக்கு நேர்மாறாகச் சொன்னால், கண் பொட்டையா என்று கேட்காதீர்கள். எங்கே இருந்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்டுத்தான் ஒரு பெண் அந்த வீட்டில் தங்கினாள்.

ஆனால் பகவதி சொன்ன அபிப்பிராயம் என்னுடையதைவிட மேல். காப்பித் தம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு, உள்ளே திரும்பும்போது சொன்னாள்:

"படத்துல அந்தப் பெண்ணு எதுக்கு அண்ணே அவ்வளவு நேரம் அழுதுட்டே நின்னா? வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, படம் அரை மணிக்கூறுல முடிஞ்சிருக்கும்லா."