தம்பி வைக்காத கையெழுத்து

எனக்கு வயது எழுபத்தெட்டு. வளர்த்தது ஐந்து பேரை. நால்வர் நான் பெற்றவர்கள்; அவர்களுக்கும் முதல் வளர்த்தது என் தம்பியை. அம்மா போனபோது அவருக்கு இரண்டு வயது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

வடமராட்சியில் எங்களுக்கு வெங்காயத் தோட்டம். பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற பஞ்ச காலத்திலும், கூரையில் தொங்கிய விதை வெங்காயத்தை எங்களைப் பெற்ற ஐயா தொட விடமாட்டார். பசியில் இரண்டைப் பிய்த்துத் தின்ற தம்பிக்கு விழுந்த அடி ஊருக்கே கேட்டது.

பின்னாளில் தம்பி வளைகுடா நாட்டில், தேரா என்ற இடத்தில், ஒரு தானிய அலுவலகத்தில் இருந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து வாங்கும் தானியத்தின் தரம் பார்த்துக் கையெழுத்து வைப்பது அவர் வேலை. அங்கே என் மகன் வீட்டில்தான் நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

சாம்பியாவில் மழை பொய்த்திருந்தது. விளைச்சலை அரசாங்கம் சொன்ன விலைக்கே கொடுத்து ஓய்ந்த சனம், அடுத்த போகத்துக்கு மானியத்தில் கிடைத்த விதைச் சோளத்தையும் வியாபாரிகளிடம் விற்றுவிட்டது. அலுவலகத்துக்கு மாதிரியாக வந்த அதிலொரு பிடியைத் தம்பி என் கையில் கொட்டினார். கழுவியிருந்தார்கள். ஆனாலும் மணிகளின் நுனியில் சிவப்பு.

"அக்கா, இது என்னெண்டு தெரியுதோ?"

"விதைக்குப் பூசிற மருந்தெல்லோ. ஆர் இதை வித்தது?"

"பசிச்ச சனம். மாட்டுத் தீனியெண்டு நாங்கள் வாங்கிறம். கப்பலேறினா அங்க விதைக்க ஒண்டும் மிஞ்சாது. நாளைக்கு நான் கையெழுத்து வைக்காட்டி வேலையும் போகும், விசாவும் போகும்."

"உன்ர பொம்பிளைப் பிள்ளையள் ரெண்டும் படிக்குதுகள். வைச்சிட்டு வா," என்றேன்.

மறுநாள் பகல் முழுக்க ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம், பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் தம்பி வந்தார். அலுவலக மேசையில் வைத்திருக்கும் தேத்தண்ணிக் கோப்பை கையில் இருந்தது.

"கலாஸ், அக்கா. வேலை முடிஞ்சுது."

பதினைந்து நாள் நான் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், பேசவில்லை.

அந்த மூட்டைகள் கப்பலேறவில்லை என்று பிறகு அறிந்தோம். அங்கே விதைத்தார்களா, தெரியாது. தம்பி பிறகு அல் ஐன் என்ற ஊரில் ஒரு மரக்கறிக் கடையில் நின்று பிள்ளைகளைப் படிப்பித்தார். அங்கேயே நெஞ்சு நோவு வந்து கண்ணை மூடினார்.

தம்பியை நம்பி வேலை கொடுத்த கடைக்காரருக்கும், உடலை ஊருக்கு அனுப்பக் காகிதங்களோடு ஓடித்திரிந்த அறை நண்பர்களுக்கும், அவர் போன முப்பத்தோராம் நாள் நினைவில் எங்களோடு இருக்கும் உங்களுக்கும் நன்றி.

"அப்பம்மா, 'வைச்சிட்டு வா' எண்ட லைனை டிலீட் பண்ணட்டா? எல்லாரும் வாசிப்பினம்," என்றாள் பேத்தி.

"வாசிக்கட்டும். அவன் என்ர சொல்லுக் கேக்காதது அந்த ஒருநாள்தான். எங்க, அந்த இடத்தை ஒருக்கா வாசி, பாப்பம்."